வேப்பிலை செருகிய வாசல்

முதலில் ரிப்பேர் என்று சொன்னது மிஷினைத்தான். மயிலாப்பூரில் எங்கள் தெருமுனை டாக்டரின் நர்ஸ், என் இடது கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள், இறக்கினாள், மறுபடியும் அடித்தாள். “சார், இந்த பி.பி. மிஷின் ரிப்பேரு” என்று உள்ளே குரல் கொடுத்தாள். வேறு மிஷின் வந்தது. அதுவும் ரிப்பேர். கடைசியில் டாக்டரே எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்து, விரலை நகர்த்தி நகர்த்தி வைத்துப் பார்த்தார்.

“இந்தக் கையில நாடி இல்லையேம்மா” என்றார்.

எதிரே உட்கார்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருப்பவளிடம் சொல்கிற பேச்சா அது? எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவர் சிரிக்கவில்லை.

அப்போது நான் தி. நகரில் ஒரு தபால் நிலையத்தில் கடிதங்களை விலாசம் பார்த்துப் பிரிக்கும் வேலையில் இருந்தேன். மெட்ராஸ் என்ற பெயர் போய் சென்னை வந்த சமயம். சிலர் பழைய பெயரை எழுதுவார்கள், சிலர் புதுசை எழுதுவார்கள், ஜாக்கிரதைக்காரர்கள் இரண்டையும் எழுதுவார்கள். எங்களுக்கு எல்லாம் ஒன்றுதான், பின்கோடு சரியாக இருந்தால் போதும். கடித அலமாரியின் மேல் வரிசை அறைகளில் கடிதம் போடக் கையைத் தூக்கினால் இடது கை மரத்துக் கனக்கும். சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல் அடிக்கும். உடம்பும் இளைத்துக்கொண்டே வந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை என்கிற கவலைதான் இளைப்புக்குக் காரணம் என்று உறவுக்காரர்கள் முடிவு கட்டினார்கள். நானும் அதை நம்பி டானிக் குடித்துக்கொண்டிருந்தேன்.

தெருமுனை டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்து ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். பெயர் வேண்டாம். எல்லாப் பெரிய ஆஸ்பத்திரியும் உள்ளே ஒன்றுதான்: நீளமான பெஞ்சு, பினாயில் வாசனை, யார் பெயரைக் கூப்பிட்டாலும் நம் பெயர் மாதிரியே காதில் விழும் ஒலிபெருக்கி. நோய் வந்த களைப்பை விட பெஞ்சில் உட்கார்ந்த களைப்பு பெரிது. காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு, அடுத்த பரிசோதனைக்கு அடுத்த மாடி, அங்கே வேறொரு பெஞ்சு. பக்கத்தில் உட்காருகிறவர்கள் முதலில் கேட்பது “உங்களுக்கு என்ன?” என்றுதான். “எனக்கு நாடி இல்லை” என்று சொல்லி ஒரு அம்மாளைப் பயமுறுத்தியிருக்கிறேன். வேறு பொழுதுபோக்கு இல்லை.

ஆஞ்சியோகிராம் எடுத்தார்கள். தொடை மடிப்பில் ஊசியால் துளைத்து, மெல்லிய குழாயை ரத்தக் குழாய்க்குள்ளேயே மேலே ஏற்றி, எக்ஸ்ரேயில் தெரிகிற ஒரு சாயத்தை விடுவார்கள். சாயம் இறங்கியதும் உடம்பு முழுக்க வெந்நீரை ஊற்றியது போல் ஒரு சூடு ஓடும். படத்தில் எல்லாம் தெரிந்தது. இடது கைக்குப் போகும் பெரிய குழாய் அடைத்துவிட்டது. கழுத்து வழியாக மூளைக்கு ஏறும் குழாய் ஒன்று குறுகிக்கொண்டிருந்தது. வலது கைக்குப் போவதிலும் ஆரம்பித்திருந்தது.

ஒரு ஜப்பானிய டாக்டரின் பெயரை அந்த நோய்க்கு வைத்திருக்கிறார்கள். நாடியில்லா நோய் என்றும் சொல்வார்களாம். பெரும்பாலும் இளவயதுப் பெண்களுக்கு, ஆசிய நாடுகளில் அதிகமாக வருவது. கிருமி எதுவும் இல்லை. உடம்பைக் காக்க வேண்டிய காவல்காரர்களே தடியெடுத்து வந்து சொந்த ரத்தக் குழாயின் சுவரை அடிப்பார்கள். அடி வாங்கிய சுவர் வீங்கும், தடிக்கும், உள்ளே வழி குறுகும். வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

என்னை வார்டில் சேர்த்துக்கொண்டு ஸ்டீராய்டு மாத்திரையில் ஆரம்பித்தார்கள். அழற்சியை, அதாவது அந்த வீக்கத்தை, அடக்கும் மாத்திரை, ஆனால் அதோடு நிற்காது. முகம் வட்டமாக உப்பியது. பசி பேயாகப் பிடித்தது, ஆனால் உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டார்கள். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள், எனக்கு அது தட்டிலேயே வந்தது. கொண்டு வந்தவர் என் மாமியார். அத்தை என்றுதான் கூப்பிடுவேன். ராயப்பேட்டைப் பள்ளிக்கூடமொன்றில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர். முண்டகக்கண்ணி அம்மன் கோயிலுக்குப் பின்னால் எங்கள் வீடு. அங்கிருந்து தினமும் டிபன் கேரியரோடு இரண்டு பஸ் மாறி வருவார். எனக்கு உப்பில்லை என்றதும் அவரும் உப்பை விட்டுவிட்டார். அதைச் சொல்லிக் காட்டியதில்லை. என் கணவர்தான் ஒருநாள் வாய் தவறி, “எங்கம்மா உன்னால வீட்ல எனக்கும் பத்தியம் போட்டுடுச்சி” என்றார்.

முதல் வாரத்திலேயே அத்தை ஒரு நர்ஸைப் பிடித்து, நாடியை எங்கே தொட்டுப் பார்ப்பது என்று கற்றுக்கொண்டார். அதற்குப் பிறகு வார்டுக்குள் வந்ததும் கேரியரைக் கீழே வைப்பார், முந்தானையில் கையைத் துடைப்பார், என் வலது மணிக்கட்டில் மூன்று விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார்.

“கீது” என்பார். அதன் பிறகுதான் சாப்பாட்டைத் திறப்பார்.

டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வரும்போது இடது கையைத் தொட்டு “ஆப்சென்ட்” என்பார்கள், வராத பிள்ளைக்கு அட்டெண்டன்ஸ் போடுகிற மாதிரி. எனக்கு அத்தையின் ‘கீது’தான் தெம்பாக இருந்தது. வலது கையிலாவது நாடி இருக்கிறது என்று ஒருத்தி சொல்கிறாளே.

ஆனால் மாத்திரைக்கு நோய் கட்டுப்படவில்லை. இ.எஸ்.ஆர். என்று ஒரு பரிசோதனை உண்டு. ரத்தத்தை ஒரு குழாயில் நிறுத்தி, சிவப்பணுக்கள் எவ்வளவு வேகமாக அடியில் இறங்குகின்றன என்று பார்ப்பார்கள். உடம்பில் அழற்சி இருந்தால் வேகமாக இறங்கும். என்னுடையது விழுந்தடித்துக்கொண்டு இறங்கியது. எழுந்து நின்றால் இடது கண்ணில் சாம்பல் நிறத்தில் திரை விழ ஆரம்பித்தது. பெரிய டாக்டர் என்னையும் என் கணவரையும் உட்காரவைத்துப் பேசினார். புற்றுநோய்க்குக் கொடுக்கும் ஒரு கடுமையான மருந்து இருக்கிறது, அதை மாதத்துக்கு ஒரு தடவை நரம்பில் ஏற்ற வேண்டும், முடி கொட்டும், வாந்தி வரும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “முட்டைப்பை பாதிக்கப்படலாம். அப்புறம் குழந்தை பிறக்கிறது கஷ்டம்தான். யோசிச்சுச் சொல்லுங்க, ஆனா ரொம்ப யோசிக்க நேரமில்லை” என்றார்.

என் கணவர் அச்சகத்தில் ஆஃப்செட் மிஷின் ஓட்டுகிறவர். எதையும் இரண்டு தடவை சரிபார்த்துவிட்டுத்தான் ஓட்டுவார். அன்றைக்கு மருந்தின் பெயரை ஒரு தாளில் எழுதி வாங்கி, இரண்டு தடவை படித்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் வார்டில் இளைய டாக்டர் ஷாஹிதா ரத்தம் எடுக்க வந்தார். திருவல்லிக்கேணியில் தலைமுறையாக இருக்கிற குடும்பம், மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்தார். என்னை “அக்கா” என்றுதான் கூப்பிடுவார்.

“கெட்டுப்போனது குழாயோட உள்பக்கம்னு சொல்றீங்க. மருந்து அங்க மட்டும் போகாதா? சம்பந்தமே இல்லாத இடத்துக்கெல்லாம் போய் ஏன் கெடுக்குது?” என்று கேட்டேன்.

அவர் ஊசியை வைத்துவிட்டுக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். “தேர்தல் சமயத்துல ஆட்டோவுல போய் நோட்டீஸ் வீசுவாங்கல்லக்கா, அந்த மாதிரிதான் இப்போ இருக்கிற மருந்து. எல்லார் தலையிலும் விழும். நீங்க கேக்கிற மாதிரி விலாசம் பார்த்துப் போற மருந்தையும் தேடிக்கிட்டுத்தான் இருக்காங்க. லைப்ரரில படிச்சேன்.”

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த வகையில் சொல்கிறேன். ரத்தக் குழாயின் உள்சுவர் முழுவதும் ஒற்றை அடுக்காக உயிரணுக்கள் படிந்திருக்கின்றன, சுவருக்கு அடித்த சுண்ணாம்பு மாதிரி. நம் உடம்பு கிருமிகளை எதிர்க்க ஆன்டிபாடி என்று ஒன்றைச் செய்கிறது. ஒவ்வொன்றும் ஒரே ஒரு பொருளைத்தான் அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும். ஒரே ஒரு விலாசம் மட்டும் படிக்கத் தெரிந்த தபால்காரர் என்று நான் வைத்துக்கொண்டேன். உள்சுவர் உயிரணுவை அடையாளம் காணும் ஆன்டிபாடியைத் தயாரித்து, அதன் முதுகில் மருந்தைக் கட்டி ரத்தத்தில் விட்டால், அது அங்கே போய் ஒட்டும். மருந்தும் அங்கேயே இறங்கும்.

“ஆனா உள்சுவர் உடம்பு பூரா இருக்கே டாக்டர். எல்லா ஊர்லயும் காந்தி ரோடு இருக்கிற மாதிரி. எந்த ஊர் காந்தி ரோடுன்னு எப்படித் தெரியும்?”

“அதுக்கும் வழி இருக்கு. அம்மை போட்ட வீட்டு வாசல்ல வேப்பிலை செருகுவாங்கல்ல? எங்க தெருவுலயே பார்த்திருக்கேன். அந்த மாதிரி, அழற்சி இருக்கிற இடத்துல உள்சுவர் உயிரணு தன் மேல சில அடையாளங்களை வெளியே நீட்டும். மத்த இடத்துல அது இருக்காது, இல்லைன்னா கொஞ்சமா இருக்கும். அந்த வேப்பிலையைப் பார்த்துப் போற ஆன்டிபாடியைத்தான் செய்யப் பார்க்கிறாங்க.”

“வாசல் வரைக்கும் வந்தா ஆச்சா? கதவைத் திறந்து வாங்கணுமே.”

அவர் சிரித்துவிட்டார். “அதுலதான் பாதிப் பேர் மாட்டிக்கிட்டு முழிக்கிறாங்க. சில ஆன்டிபாடி வாசல்லயே நின்னுடும். சிலதைத்தான் உயிரணு உள்ளே இழுத்துக்குது.” பிறகு சிரிப்பை விட்டு, “எல்லாம் எலிங்களுக்குத்தான்க்கா இப்போ. நமக்கு எப்போ வருமோ தெரியாது. நான் சொன்னேன்னு அதுக்காகக் காத்திருக்காதீங்க” என்றார்.

நான் காத்திருக்கவில்லை. காத்திருந்தது என் கணவர். சாயங்காலம் அவரிடம் இதையெல்லாம் கதை மாதிரி சொன்னேன். நெடுநாள் கழித்து அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. மறுநாளே தேனாம்பேட்டையில் ஒரு ஐ.எஸ்.டி. பூத்துக்குப் போய் அமெரிக்காவில் இருக்கும் தன் சிநேகிதனைக் கூப்பிட்டார். ஊருக்கு வருகிறவர்கள் பெட்டியில் மருந்து கொண்டு வருவது வழக்கம்தானே, இதையும் அப்படி வாங்கிவிடலாம் என்று நினைத்தார். அந்த மருந்து எந்தக் கடையிலும் இல்லை என்று சிநேகிதன் விசாரித்துச் சொன்னான். “இன்னிக்கு இல்லைன்னா நாளைக்கு வராதா? கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமே” என்றார் என்னிடம். ஆசைப்படுகிறவரிடம் என்ன வாதாடுவது? எனக்கும் அந்த ஆசை இருந்தது. ஒரு குழந்தை வேண்டும் என்று எனக்கு இருந்தது போல் யாருக்கும் இருந்திருக்காது. பயத்தில் அதை வெளியே சொல்லாமல் இருந்தேன்.

வீட்டுக்குப் போய்ப் பேசி முடிவு செய்துகொண்டு வாருங்கள் என்று பெரிய டாக்டர் சில நாள் அனுப்பிவைத்தார். ஆட்டோ எங்கள் வீட்டு முன்னால் நின்றது. வாசல் நிலையின் இரண்டு பக்கமும் கொத்துக் கொத்தாக வேப்பிலை செருகியிருந்தது. கேட்டிலும் ஒரு கொத்து இருந்தது.

தெருவே ஒதுங்கி இருந்தது. பால் பாக்கெட்டைக் கேட்டில் மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். மாடி வீட்டு மாமி படிக்கட்டின் மேலேயே நின்றுகொண்டு, “உங்காத்துல அம்மையாமே? கொழந்தைகள் இருக்கா, அதான் எறங்கி வரலை. தப்பா நெனச்சுக்காதேம்மா” என்றார். என்னைப் பார்க்கப் பழத்தோடு வந்த ஆபீஸ் சிநேகிதிகள் வாசலைப் பார்த்துவிட்டு, பழத்தை எதிர் மளிகைக் கடையில் கொடுத்துவிட்டு ஓடிவிட்டார்களாம். அடுப்பங்கரையில் தாளிப்பு வாசனையே இல்லை. அம்மை வீட்டில் தாளிக்க மாட்டார்கள். ஏற்கெனவே உப்பு இல்லை, இப்போது கடுகும் போயிற்று.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. என் ஊதிப்போன முகத்தைத் தெருவுக்கு மறைக்கத்தான் இந்த ஏற்பாடு என்று நினைத்தேன்.

“எனக்கு அம்மையா அத்தை? யாரைக் கேட்டு இதைச் செருகினீங்க?”

“டாக்டரம்மா சொன்னதாச்சே” என்றார், கோபம் எதற்கு என்று புரியாமல்.

“அது ஒரு உதாரணத்துக்குச் சொன்னது.”

“உதாரணம்னு தெரியும்மா. உன் புருஷன் சொன்னான். மருந்து ஒடம்புக்குள்ள வழி தெரியாம சுத்திக்கினு கீது, வேப்பல பாத்தாதான் எறங்கும்னான். ஒடம்புக்குள்ள பூந்து என்னால செருவ முடியுமா? அதான் வாசல்ல செருவுனேன். எந்த மருந்து வந்தாலும் வூடு தெரியட்டுமேன்னு.”

கோபம் போன இடம் தெரியவில்லை. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

“அந்த மருந்து வராது அத்தை. அதை எலிக்குத்தான் கொடுத்துப் பார்க்கிறாங்க.”

“எலி மருந்தா?” அத்தை நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். “இன்னா நைனா, எலி மருந்துக்கா அமெரிக்காவுக்கு போன் போட்டுக்கினு கீற?” என்று மகன் பக்கம் திரும்பினார். அந்த நிலைமையிலும் எங்கள் இருவருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் என் கணவர் அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதுவரை நாங்கள் அத்தையிடம் மறைத்து வைத்திருந்ததை அப்போதுதான் சொன்னேன். வரக்கூடிய மருந்து வேறு, அதை ஏற்றினால் அப்புறம் குழந்தை பிறக்காமல் போகலாம் என்றேன். அவருக்கு ஒரே மகன். பேரப்பிள்ளை வேண்டும் என்று அம்மனுக்கு எத்தனை ஆடிக்குக் கூழ் ஊற்றியிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அத்தை பக்கத்தில் உட்கார்ந்து என் வலது கையை எடுத்து விரல்களை வைத்தார். வழக்கத்தை விட அதிக நேரம் ஆனது. விரலை இடம் மாற்றினார், மறுபடியும் மாற்றினார்.

“கீது” என்றார் கடைசியில். “ஆனா நேத்து மாரி இல்ல.”

கொஞ்ச நேரம் கையை விடவேயில்லை. பிறகு சொன்னார்: “பொறக்காத கொயந்த மூஞ்சி எனக்குத் தெரியாது. உன் மூஞ்சி தெரியும். ஊதிக்கினாலும் தெரியும். நாளைக்கே போயி அந்த மருந்த ஏத்திக்க.”

மறுநாள் போனோம்.

அந்த மாதங்களைப் பற்றி எழுத அதிகம் இல்லை, ஒன்று போலத்தான் மற்றொன்று. நரம்பில் மருந்து இறங்கும். அது சிறுநீர்ப்பையைப் புண்ணாக்காமல் இருக்கப் பானை பானையாகத் தண்ணீர் குடிக்க வேண்டும். குடித்ததெல்லாம் வாந்தியாக வரும், மறுபடியும் குடிக்க வேண்டும். தலைமுடி சீப்போடு வந்தது. பில்லுக்காக எங்கள் ஸ்கூட்டர் போயிற்று, அதன் பிறகு என் கணவரும் பஸ்ஸில் கூட்டத்தோடு தொங்கிக்கொண்டு வந்தார். விலாசம் எழுதாத மருந்து அது, எல்லா வீட்டுக் கதவையும் தட்டியது. ஒவ்வொரு தடவை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதும் அத்தை வாசலில் பழைய வேப்பிலையை எடுத்துவிட்டுப் புதிதாகச் செருகுவார். நான் தடுக்கவில்லை. மாடி மாமிக்கும் விஷயத்தை எடுத்துச் சொன்னோம். அதன் பிறகு அவரே வீட்டுக் கொல்லையிலிருந்து கொழுந்து வேப்பிலை ஒடித்துக்கொண்டு வந்து கொடுத்தார்.

இ.எஸ்.ஆர். மெல்ல இறங்கியது. கண்ணில் திரை விழுவது நின்றது. கழுத்துக் குழாய் அதற்கு மேல் குறுகவில்லை என்று அடுத்த படத்தில் தெரிந்தது. இடது கை நாடி திரும்பவில்லை, அது இனி திரும்பாது. வலது கை பிழைத்தது. மறுபடியும் வேலைக்குப் போனேன். மேல் வரிசை அறைகளை மட்டும் பக்கத்து சீட்டுப் பெண் பார்த்துக்கொண்டாள்.

மாதவிலக்கு மட்டும் நின்று போயிருந்தது. மருந்தின் களைப்பு, வந்துவிடும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் ரத்தப் பரிசோதனை முடிவை வைத்துக்கொண்டு டாக்டர் ஷாஹிதா என்னை வராந்தாவுக்குக் கூட்டிப் போனார். ஹார்மோன் அளவுகளைப் பார்த்தால் முட்டைப்பை வேலை செய்வதை நிறுத்திவிட்டது, இனி எதிர்பார்க்க வேண்டாம் என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. “அந்த மருந்து எலிங்களை விட்டு மனுஷங்களுக்கு வந்திருந்தா…” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அவரை நான்தான் தேற்றினேன். தேற்றிவிட்டு பஸ் ஏறினேன். எந்த நிறுத்தத்தில் இறங்கினேன், எப்படி நடந்தேன் என்று நினைவில்லை.

அத்தை கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றேன்.

“அத்தை, இனிமே இல்லைன்னு சொல்லிட்டாங்க.”

அவர் முறத்தைத் தள்ளி வைத்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். என்னைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்து, வலது மணிக்கட்டில் மூன்று விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

“கீது” என்றார்.